பள்ளிக்கூடத்துக்கு டாக்டரை வரச்சொன்ன புதுக்கோட்டைப் பொண்ணு! - முத்துலட்சுமி ரெட்டியும் நம்ம பிள்ளைகளின் கண்களும்

ஸ்கூல்ல கண் டெஸ்ட் பண்ணியிருப்பாங்க. போர்டுல இருக்குறது சரியாத் தெரியலைன்னு உங்க வீட்டு வாண்டு சொல்லியிருக்கும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு ஒரு சீட்டு கொடுத்து அனுப்புவாங்க. அங்கே போனா, முதல்ல கண்ணுல சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிட்டு உட்காரச் சொல்வாங்க. அரை மணி நேரம் கழிச்சுப் பார்த்தா, பிள்ளையோட கண்மணி பெரிசா விரிஞ்சு, கண்ணே முழுக்கக் கறுப்பாத் தெரியும். வெளிச்சம் பட்டதும் கூசுதுன்னு பிள்ளை கண்ணைக் கசக்கும். கூட வந்த அம்மாவுக்கு வயித்தைக் கலக்கும். நல்லா இருந்த கண்ணை ஏதோ பண்ணிட்டாங்களோன்னு பயம் வரும். சிலர் அதோட அடுத்த முறை வர்றதையே நிறுத்திடுவாங்க.

ஆலங்குடி, அறந்தாங்கி, பொன்னமராவதி, விராலிமலைன்னு புதுக்கோட்டை மாவட்டத்தின் எந்த ஊர்ல கேட்டாலும் இப்படி ஒரு கதை கிடைக்கும். ஆனா, பள்ளிப் பிள்ளைகளை டாக்டர்கள் முறையாகப் பரிசோதிக்கணும்னு கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னாடி சென்னை மாகாண சட்டமன்றத்தில் பேசியவர் இதே புதுக்கோட்டையில் பிறந்த ஒரு பெண் என்பது அந்த அம்மாக்களில் பலருக்கும் தெரியாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. நாம் அதிகம் பார்க்கும் அவருடைய படங்களில் மூக்குமேல் ஒரு மூக்குக்கண்ணாடி இருக்கும். பொம்பளைப் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டா கல்யாணம் தள்ளிப்போகும்னு இன்னைக்கும் பேசுற ஊர்ல, அந்தக் கண்ணாடிப் படத்தை ஒவ்வொரு வீட்லயும் மாட்டி வைக்கலாம்!

மன்னர் கல்லூரியில் ஒரே ஒரு பொண்ணு

1886, ஜூலை 30. புதுக்கோட்டை அப்போ மாவட்டம் இல்லை. தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி சமஸ்தானம். அப்பா நாராயணசாமி ஐயர், மன்னர் கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். அந்தக் காலத்தில் இந்தக் கல்யாணத்தை ஊர் எப்படிப் பார்த்திருக்கும்னு சொல்லத் தேவையில்லை. ஜெமினி கணேசனுக்கு முத்துலட்சுமி அத்தை முறை என்பது சினிமா ரசிகர்களுக்கான கூடுதல் தகவல்.

பெண் பிள்ளை கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிஞ்சா போதும், வயசுக்கு வந்ததும் வீட்டோட இருக்கணும். அதுதான் அப்போதைய நடைமுறை. முத்துலட்சுமிக்கும் பள்ளிக்கூடம் நின்றது, படிப்பு நிற்கவில்லை. வீட்டிலேயே பாடம் நடந்தது. அம்மாவுக்கு மகளின் கல்யாணக் கவலை, மகளுக்குப் புத்தகக் கவலை. 1902-ல் மெட்ரிகுலேஷன் தேர்வு எழுதித் தேறினார்.

அடுத்து கல்லூரி. ஊரில் இருந்த மன்னர் கல்லூரியில் எல்லோருமே ஆண்கள். ஒரு பெண் விண்ணப்பித்ததும் எதிர்ப்பு கிளம்பியது. பையன்களின் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று ஒரு பக்கம், இவருடைய தாயின் பின்னணியைச் சொல்லி இன்னொரு பக்கம். கடைசியில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டார். எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அனுமதி கொடுத்ததோடு, உதவித்தொகையும் தந்தார். 1904-ல் அந்தக் கல்லூரியின் முதல் மாணவியானார் முத்துலட்சுமி. இன்னைக்கு அதே கல்லூரிக்குள்ள பையை மாட்டிட்டுப் போற பொண்ணுங்க எல்லோருக்கும் இவர்தான் சீனியர்.

கத்தி பிடித்த கை

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி. அந்தக் கல்லூரியின் கதவு 1875-லேயே பெண்களுக்குத் திறந்தாச்சு. மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண் உட்பட சிலர் அப்போது சேர்ந்திருந்தார்கள். ஆனால், சமஸ்தானத்து ஊரிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண் அறுவை சிகிச்சை வகுப்பில் உட்காருவது அப்போதும் அதிசயம்தான். முத்துலட்சுமி அங்கேதான் பளிச்சிட்டார். தங்கப் பதக்கங்களும் பரிசுகளுமாக 1912-ல் பட்டம் பெற்று வெளியே வந்தார். எழும்பூரில் இருந்த அரசுப் பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனாகவும் சேர்ந்தார்.

அவர் படித்த காலத்தில் கண் மருத்துவத்திலும் சென்னை சாதாரண ஊர் இல்லை. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை தொடங்கியது 1819-ல். லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்தபடி உலகின் மிகப் பழைமையான கண் மருத்துவமனைகளில் ஒன்று அது. கண் அழுத்த நோய்க்கு ராபர்ட் ஹென்றி எலியட் உருவாக்கிய அறுவை சிகிச்சை முறை உலகம் முழுக்கப் பேசப்பட்டதும் அந்த வருஷங்களில்தான். அவர் அங்கேதான் கண்காணிப்பாளராக இருந்தார். கண்மணியை விரிய வைக்கும் அட்ரோபின் மருந்தும் அப்போதே கண் டாக்டர்களின் அலமாரியில் இருந்தது.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். அதுவும் சும்மா தலையாட்டிய கல்யாணம் இல்லை. தன்னைச் சமமாக நடத்தணும், தன் விருப்பங்களில் குறுக்கே நிற்கக்கூடாது என்ற நிபந்தனைகளை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் சம்மதித்தார். அந்த நிபந்தனையை அவர் காப்பாற்றியதால்தான், 1925-ல் உதவித்தொகையோடு லண்டனுக்கு மேற்பயிற்சிக்குப் போக முடிந்தது. பெண்கள், குழந்தைகளுக்கான மருத்துவத்தை அங்கே இன்னும் ஆழமாகக் கற்றார். 1926-ல் பாரிஸில் நடந்த சர்வதேசப் பெண்கள் மாநாட்டிலும் கலந்துகொண்டார்.

சட்டமன்றத்துக்குள் ஒரு டாக்டர்

ஊர் திரும்பியதும் இந்தியப் பெண்கள் சங்கம் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்ப முன்வந்தது. சென்னை மாகாணப் பெண்களுக்கு 1921-லேயே, சொத்து, வரி நிபந்தனைகளோடு, வாக்குரிமை கிடைத்திருந்தது. சட்டமன்ற இருக்கைதான் பாக்கி. நியமன உறுப்பினராக உள்ளே போன முத்துலட்சுமி, பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர். 1927-ல் சபையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். நல்ல மருத்துவத் தொழில் கையில் இருக்கும்போது அரசியல் எதற்கு என்ற தயக்கம் அவருக்கு இருந்தது. ஆனால், தன்னிடம் வரும் நோயாளிகளின் பாதி வியாதிக்கு மருந்து மருந்துக்கடையில் இல்லை, சட்டத்தில்தான் இருக்கிறது என்று அவருக்குப் புரிந்திருந்தது.

தேவதாசி முறையை ஒழிக்க அவர் நடத்திய போராட்டம் எல்லோருக்கும் தெரியும். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதை எதிர்த்துத் தீர்மானம் கொண்டுவந்தார். சத்தியமூர்த்தி போன்ற பெரிய தலைவர்களின் எதிர்ப்பையே சந்தித்தார். அந்தச் சட்டம் முழுமையாக வந்து சேர 1947 ஆனது. சொந்தத் தாயின் வாழ்க்கையைப் பார்த்து வளர்ந்த மகளுக்கு அது வெறும் மசோதா இல்லை. பெண்களின் திருமண வயதை உயர்த்தவும் குரல் கொடுத்தார்.

இந்தப் பெரிய சண்டைகளின் நிழலில் மறைந்துபோன ஒரு விஷயம் உண்டு. அதுதான் பள்ளி மருத்துவப் பரிசோதனை. பள்ளி, கல்லூரி மாணவர்களை முறையாக, தொடர்ச்சியாக டாக்டர்கள் பரிசோதிக்க வேண்டும் என்று சபையில் வலியுறுத்தினார் முத்துலட்சுமி.

இது ஏன் அவ்வளவு முக்கியம்? குழந்தைக்குத் தனக்கு என்ன குறைன்னு சொல்லத் தெரியாது. பிறந்ததிலிருந்து மங்கலாகவே பார்க்கிற பிள்ளை, உலகமே மங்கல்தான்னு நினைச்சுக்கும். போர்டுல எழுதினதைத் தப்பாக் காப்பி பண்ணினா, வாத்தியார் மக்குன்னு முடிவு பண்ணுவார். வீட்ல சோம்பேறின்னு திட்டு விழும். கொஞ்ச நாள்ல பிள்ளையும் அதை நம்பிடும். பெண் பிள்ளையா இருந்தா, படிப்பு ஏறலைன்னு நிறுத்திடுவாங்க. ஒரு கண்ணாடியில் முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம், ஒரு வாழ்க்கையோட திசையையே மாத்திடும். நோய் ஆஸ்பத்திரியைத் தேடி வரும்வரை காத்திருக்காமல், டாக்டர் பள்ளிக்கூடத்தைத் தேடிப் போகணும் என்ற யோசனையின் அருமை அதுதான். இன்று அரசுப் பள்ளிகளில் கண் பரிசோதனையும் இலவசக் கண்ணாடியும் வழக்கமாகிவிட்டன. அவர் வலியுறுத்திய பாதை அது.

அந்தச் சொட்டு மருந்து என்னதான் பண்ணுது?

சரி, முத்துலட்சுமி கேட்ட பரிசோதனை நடந்தாச்சு. சீட்டும் வந்தாச்சு. அதுக்கப்புறம் சொட்டு மருந்துக்குப் பயந்து பின்வாங்கினா, அவ்வளவு பாடும் வீண். அதனால, அந்த மருந்தைக் கொஞ்சம் புரிஞ்சுக்கலாம்.

உங்க ஃபோன் கேமராவில் ரெண்டு வேலை நடக்குது இல்லையா? ஒண்ணு, எவ்வளவு வெளிச்சம் உள்ளே வரணும்னு துவாரம் முடிவு பண்ணும். இன்னொண்ணு, ஆட்டோஃபோகஸ். கண்ணிலும் அப்படித்தான். கண்மணியைச் சுருக்க ஒரு தசை. கிட்டே இருப்பதைப் பார்க்க லென்ஸின் வடிவத்தை மாற்ற இன்னொரு தசை. ட்ராபிகமைடு, சைக்ளோபென்டோலேட், ஹோமட்ரோபின், அட்ரோபின் போன்ற சொட்டு மருந்துகள் இந்த ரெண்டு தசைக்கும் தற்காலிகமா லீவு கொடுக்கின்றன. அதான் கண்மணி விரியுது. கிட்டே இருக்கும் எழுத்து கலங்குது.

பெரியவங்களைவிடப் பிள்ளைகளோட ஆட்டோஃபோகஸ் பயங்கர பவர்ஃபுல். டெஸ்ட் பண்ணும்போது அந்தத் தசை இறுக்கிப் பிடிச்சிருந்தா, இல்லாத கிட்டப்பார்வை இருக்குற மாதிரியும், இருக்குற நம்பர் கூடுதலாவும் காட்டும். அதை நம்பிக் கண்ணாடி போட்டா, தேவைக்கு அதிகமான பவர் பிள்ளையோட மூக்குமேல ஏறிடும். தசை லீவுல இருக்கும்போது அளந்தாத்தான் உண்மையான நம்பர் கிடைக்கும். சில பிள்ளைகளுக்குச் சொட்டு விட்ட பிறகு, கிட்டப்பார்வையே இல்லைன்னு தெரிஞ்சு கண்ணாடி இல்லாமலே வீட்டுக்குப் போறதும் உண்டு. தவிர, கண்மணி விரிஞ்சாத்தான் டாக்டரால் உள்ளே விழித்திரையை ஓரம்வரை பார்க்க முடியும். நம்பர் ரொம்ப அதிகமான கண்களில் விழித்திரை மெலிந்து, கிழியவோ பிரியவோ வாய்ப்பு உண்டு என்பதால் அது அவசியம்.

எவ்வளவு நேரம் இருக்கும்? மருந்தைப் பொறுத்தது. ட்ராபிகமைடு சில மணி நேரத்துல இறங்கிடும். சைக்ளோபென்டோலேட் பெரும்பாலும் ஒரு நாளுக்குள்ள. ஹோமட்ரோபின் ஒண்ணு முதல் மூணு நாள். அடர்த்தியான அட்ரோபின்னா ஒண்ணு, ரெண்டு வாரம்கூட ஆகலாம். அதனால வீட்டுக்குக் கிளம்பும் முன்னாடி மருந்தோட பெயரையும், எப்போ சரியாகும் என்பதையும் கேட்டு வாங்கிக்கோங்க. பாதி பயம் அங்கேயே போயிடும்.

கிட்டப்பார்வை பிள்ளைகளுக்கு இதில் ஒரு சின்ன வசதியும் இருக்கு. மைனஸ் 3 நம்பர் உள்ள பிள்ளைக்குக் கண்ணாடியைக் கழற்றினா, சுமார் 33 சென்டிமீட்டர் தூரத்தில் எழுத்து தானாகவே தெளிவாத் தெரியும். அதுக்கு அந்தத் தசையின் உதவியே வேண்டாம். சொட்டு விட்ட அன்னைக்குக் கண்ணாடியோட புக் படிக்கக் கஷ்டப்படுற பிள்ளை, கண்ணாடியைக் கழற்றிட்டுப் படிச்சுக்கலாம். தூரத்தைப் பார்க்க வழக்கம்போலக் கண்ணாடி. கூச்சத்துக்கு ஒரு தொப்பியோ, கறுப்புக் கண்ணாடியோ போதும். அன்னைக்கு சைக்கிள் மட்டும் வேண்டாம்.

மருந்து விட்டதும் கொஞ்சம் எரியும். அது இயல்பு. விட்ட உடனே கண்ணின் உள் மூலையை, மூக்கு ஓரமா, ரெண்டு நிமிஷம் மெதுவா அழுத்திப் பிடிச்சா, மருந்து மூக்கு வழியா உடம்புக்குள்ள போறது குறையும். அபூர்வமா சில பிள்ளைகளுக்கு முகம் சிவந்து, வாய் வறண்டு, காய்ச்சல் அடிச்சு, இதயம் படபடன்னு துடிக்கலாம். சம்பந்தமில்லாமப் பேசவும் செய்யலாம். அப்போ தாமதிக்காம டாக்டர்கிட்ட போயிடணும். அட்ரோபின் பாட்டில் பிள்ளைகள் கைக்கு எட்டவே கூடாது, குடிச்சா விஷம்.

நம்ம ஊர் வேலி ஓரத்து ஊமத்தையில் இருப்பதும் இதே வகை மருந்துப்பொருள்தான். ஊமத்தை பட்ட கையால் கண்ணைத் தொட்டா கண்மணி விரிவதும் அதனால்தான். அதுக்காக இலைச்சாற்றைக் கண்ணில் விட்டுப் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம். ஒரு சொட்டில் எவ்வளவு மருந்துன்னு அளந்து கொடுக்கிறதுதான் ஆஸ்பத்திரி. இலை அளந்து கொடுக்காது.

நம்பர் ஏறாம நிறுத்த முடியுமா?

கிட்டப்பார்வை என்றால், பெரும்பாலும் கண் விழி தேவைக்கு மேல் நீளமா வளர்ந்திருக்குன்னு அர்த்தம். ஒரு மில்லிமீட்டர் கூடினாலே சுமார் இரண்டரை நம்பர் ஏறிடும். 2050-க்குள் உலகத்தில் பாதிப் பேருக்குக் கிட்டப்பார்வை இருக்கும்னு 2016-ல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது.

கண்மணியை விரிக்கும் அதே அட்ரோபின், இந்த நீளும் வேகத்தையும் குறைக்குமா என்று பல நாடுகளில் சோதித்தார்கள். சிங்கப்பூரில் 400 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2006-ல் வெளியானது. 1 சதவிகித அட்ரோபின் நம்பர் ஏறுவதை நன்றாகவே குறைத்தது. ஆனால், விரிந்த கண்மணி, கூச்சம், கிட்டப்படிக்கச் சிரமம் எல்லாம் கூடவே வந்தன. மருந்தை நிறுத்தியதும் நம்பர் வேகமா ஏறவும் செய்தது. அதே சிங்கப்பூரில் 2012-ல் வெளியான அடுத்த ஆய்வில், நூறில் ஒரு பங்காக நீர்த்த 0.01 சதவிகித மருந்தில் தொல்லை மிகக் குறைவு என்று தெரிந்தது. 2019-ல் வெளியான ஹாங்காங் ஆய்வில், 438 பிள்ளைகளிடம் மூன்று அளவுகளை ஒப்பிட்டதில் 0.05 சதவிகிதம் நல்ல பலன் தந்தது. இந்தியப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்விலும் குறைந்த அளவு மருந்து பலன் காட்டியிருக்கிறது. ஆனால், 2023-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 0.01 சதவிகிதத்துக்கும் வெறும் சொட்டுக்கும் வித்தியாசமே இல்லை.

ஆக, இது மந்திரத் தண்ணி இல்லை. நீண்ட கண்ணை அது சுருக்காது; கண்ணாடியைக் கழற்றவும் வைக்காது. நம்பர் வேகமா ஏறும் சில பிள்ளைகளுக்கு, டாக்டர் பார்த்து, தினமும் ராத்திரி ஒரு சொட்டுன்னு வருஷக்கணக்கில் தொடர வேண்டிய சிகிச்சை. பக்கத்து வீட்டுப் பையனுக்கு எழுதிக்கொடுத்ததை வாங்கி விடுறது, தோணும்போது நிறுத்துறது ரெண்டுமே தப்பு.

காசே இல்லாத ஒரு மருந்து இருக்கு: வெயில்! சீனாவின் குவாங்ஜோவில் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிஷம் வெளியே விளையாட விட்டார்கள். மூன்று வருஷத்தில், வழக்கம்போல் இருந்த பிள்ளைகளில் 39.5 சதவிகிதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது. வெளியே விளையாடிய பிள்ளைகளில் அது 30.4 சதவிகிதம்தான். புதுக்கோட்டையில் வெயிலுக்கா பஞ்சம்? காலையிலும் சாயங்காலமும் ஃபோனைப் பிடுங்கி வெச்சுட்டு, பிள்ளையைத் தெருவுக்கு அனுப்புங்க.

ராத்திரியில் வந்து நின்ற பிள்ளைகள்

முத்துலட்சுமியின் கதைக்குத் திரும்புவோம். 1930-ல் காந்தி கைது செய்யப்பட்டபோது, அதைக் கண்டித்துச் சட்டமன்றப் பதவியை உதறினார். அந்தச் சமயத்தில்தான் தேவதாசி முறையிலிருந்து தப்பித்து வந்த சிறுமிகள் அடைக்கலம் தேடி அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். வேறு விடுதிகளில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. சட்டம் போட்டு மீட்கிறோம் என்று பேசினால் மட்டும் போதுமா, மீட்ட பிள்ளைகள் எங்கே தூங்குவார்கள்? அந்தக் கேள்விக்குப் பதிலாகப் பிறந்ததுதான் ஔவை இல்லம். சாதி, குலம் எதுவும் கேட்காமல் பெண் பிள்ளைகளுக்குச் சோறு, படுக்கை, படிப்பு. அடையாற்றில் அது இன்றும் நடக்கிறது.

தாமதமாகத் தெரிந்த நோய்

அவர் மனதில் இன்னொரு காயமும் இருந்தது. தங்கை சுந்தராம்பாள் புற்றுநோயில் இறந்தார். நோய் என்னவென்று தெரிவதற்கே காலதாமதமாகிவிட்டது. கைராசியான டாக்டர் என்று ஊரே பாராட்டும் அக்கா, கண்ணெதிரே தங்கையின் வேதனையைப் பார்த்தபடி நின்றார். புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் வேரூன்றியது.

அது நிறைவேற முப்பது வருஷம் ஆனது. அந்த நோய்க்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி, எப்படியும் பிழைக்கப் போவதில்லையே என்ற மனநிலை அரசாங்கத்திலேயே இருந்த காலம். வீடு வீடாக, ஊர் ஊராக நிதி திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், பிறகு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்த கதை தனியாக எழுத வேண்டியது. 1956-ல் முத்துலட்சுமிக்கு பத்ம பூஷண் விருது கிடைத்தது. 1968, ஜூலை 22 அன்று, 82-வது பிறந்தநாளுக்கு எட்டு நாள்கள் இருக்கும்போது காலமானார்.

அவர் பிறந்த ஜூலை 30-ஐ மருத்துவமனை தினமாகக் கொண்டாடும் என்று 2019-ல் தமிழக அரசு அறிவித்தது. கர்ப்பிணிகளுக்கான மகப்பேறு நிதியுதவித் திட்டமும் அவர் பெயரில்தான் இருக்கிறது. புதுக்கோட்டைக்கு இப்போது ஓர் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. ஒரே ஒரு பெண்ணைக் கல்லூரிக்குள் விடலாமா என்று சண்டை போட்ட ஊரில், இன்று பெண்கள் வெள்ளை கோட் போட்டு டாக்டருக்குப் படிக்கிறார்கள்.

தங்கையின் புற்றுநோயாக இருந்தாலும், பள்ளிப் பிள்ளையின் உடல்நலமாக இருந்தாலும், முத்துலட்சுமியின் வாழ்க்கை சொல்வது ஒன்றுதான். சீக்கிரம் கண்டுபிடிச்சா, சமாளிச்சுடலாம். அவர் மன்னரின் அனுமதிக்காகக் காத்திருந்தார், சட்டமன்றத்தில் வாதாடினார், மருத்துவமனைக்காக முப்பது வருஷம் அலைந்தார். நமக்கு அவ்வளவு கஷ்டமெல்லாம் இல்லை. ஸ்கூல்ல கொடுத்த சீட்டை ஃப்ரிட்ஜ் மேல வெச்சு மறந்துடாம, பிள்ளையைக் கூட்டிட்டுப் போகணும். சொட்டு மருந்து விடும்போது பக்கத்துல உட்கார்ந்து கையைப் பிடிச்சுக்கணும். கண்ணாடி போடச் சொன்னா, பொண்ணா பையனான்னு பார்க்காம போடணும்.

மறுநாள் சாயங்காலத்துக்குள்ள பெரும்பாலும் கண்மணி பழையபடி சுருங்கிடும். போர்டுல என்ன எழுதியிருக்குன்னு உங்க பிள்ளைக்கு முதல்முறையாத் தெரியும்!